படிகாரம் போட்ட தொட்டி

“சார், இந்தத் தொட்டியில ஒரே காலையில நாப்பது பேர் குளிச்சாங்களாம். நம்ம ஆபீஸ் குழாய்ல நாப்பது சொட்டு விழுந்தாலே நான் சூடம் கொளுத்திக் கும்பிடுவேன்.”

குடையை மடக்கிக்கொண்டே வசந்தாமணி சொன்னாள். துப்பறிவாளர் சென்றாயன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது அவளுக்குப் பழகிப்போன விஷயம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியின் மாடியில் இருக்கும் அவருடைய ஆபீஸில் மூன்று வருடமாக டைப் அடிக்கிறாள். அந்த மூன்று வருடத்தில் அவர் இரண்டு முறை சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாவது முறை தும்மலாகக்கூட இருக்கலாம்.

1982, கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஐப்பசியிலும் மழை இல்லை, கார்த்திகையிலும் இல்லை. நாமகிரிப்பேட்டையிலிருந்து நாலு மைல் உள்ளே, சின்னுசாமியின் தோட்டத்துப் பங்களாவுக்குப் பின்னால், அந்தத் தொட்டி நீலக் கல் பதித்துப் பளபளவென்று கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், அஞ்சடி ஆழம். உள்ளே சுற்றிலும் உட்கார ஒரு படி. பக்கத்துக் கொட்டகையில் விறகு எரித்துத் தண்ணீர் காய்ச்சும் பெரிய கொப்பரை, அதிலிருந்து தொட்டிக்குக் குழாய்.

சின்னுசாமி வடக்கே ரிக் வண்டி ஓட்டி, போர்வெல் போட்டுப் பணக்காரரானவர். அங்கே ஏதோ ஒரு ஓட்டலில் இப்படிச் சுடுதண்ணித் தொட்டியில் உட்கார்ந்தபோது முழங்கால் வலி விட்டுப்போனதாம். ஊருக்கு வந்ததும் ஒன்று கட்டிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. வந்த விருந்தாளிகள் எல்லாரும் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரை தொட்டியில் குளித்தார்கள். மாலை அஞ்சு மணிக்குச் சின்னுசாமி அதே தொட்டியின் அடியில் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் அடி. சாவு, மூச்சு முட்டி.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கூலியாள் அம்மாசியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்று மத்தியானம் சின்னுசாமி எல்லார் எதிரிலும் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். சாயங்காலம் தொட்டிப் பக்கம் அவன் ஒருவன்தான் இருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடாசலத்துக்கு அது போதும். அம்மாசியின் மனைவி மாரக்காள்தான் நேற்று பஸ் ஏறிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து சென்றாயனைத் தேடிப் பிடித்தவள்.

இப்போது அவள் கொப்பரைக் கொட்டகையின் நிழலில் நின்றிருந்தாள். அழவில்லை. யாரோ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

“அன்னைக்கு மத்தியானம் தண்ணி எப்படி இருந்துச்சும்மா?” என்றார் சென்றாயன்.

“அரிசி கழுவின கழனித் தண்ணியாட்ட இருந்துச்சுங்க. கைய உள்ள உட்டா மணிக்கட்டு தெரியாதுங்க. அதைப் பாத்துட்டுத்தான் பண்ணாடிக்குக் கோவம் வந்துச்சு. சாயங்காலம் சேலத்துல இருந்து இன்னும் ஆளுக வாராங்க, இதை வெளிய உட்டுட்டுப் புதுத்தண்ணி ரொப்புடான்னாருங்க. இவரு, ‘கெணத்துல தண்ணி கம்மியா இருக்குதுங்க, படிகாரம் போட்டாத் தெளிஞ்சுருமுங்க’ன்னாரு. அதுக்குத்தான் அறைஞ்சாரு.”

“அப்புறம் படிகாரம்தானே போட்டிருக்கு?”

“ஆமாங்க. அறை வாங்கினதும் இவரு குடிசைக்கு வந்து படுத்துக்கிட்டாரு. விருந்தாளிக பந்திக்குப் போயிட்டாங்க. ஒண்ணரை மணி இருக்குமுங்க, சின்னப் பண்ணாடி குடிசைக்கே வந்தாருங்க. ‘அண்ணன் மனசு மாறிட்டாரு, தண்ணிய வெளிய உட வேண்டாமாம், படிகாரமே போடச் சொல்லிட்டாரு’ன்னாருங்க.”

பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் பண்ணை முதலாளி; சின்னப் பண்ணாடி என்றது சின்னுசாமியின் தம்பி வெள்ளியங்கிரியை. அடுத்த தோட்டத்துக்காரர். மூன்றரை மணிக்கு அண்ணன் தோளில் துண்டோடு தொட்டிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன், அங்கே அம்மாசிதான் இருந்தான் என்று போலீஸில் சொன்ன சாட்சி.

“எப்படிப் போட்டீங்க?”

“மொதல்ல மேல மெதந்த எண்ணெயப் பழைய துணியில ஒத்தி எடுத்தோமுங்க. படிகாரத்தைத் துணியில முடிஞ்சு மூங்கில் நுனியில கட்டி, கரையிலயே நின்னுக்கிட்டு தண்ணி மேலாப்புல அலசினோம். ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் யாரும் தொடப்படாது. அழுக்கெல்லாம் திரிதிரியாச் சேர்ந்து அடியில படியோணும். குழந்தைக கல்லைக் கில்லைப் போட்டுருமேன்னு இவரு காவலுக்கு உக்காந்தாரு, நான் பந்திக்குப் பொழங்கின ஏனம் கழுவப் போயிட்டேன். அஞ்சு மணிக்குத் தெளிஞ்சிருச்சான்னு எட்டிப் பாத்தப்பத்தான்...”

அவள் தொட்டியைக் கையால் காட்டினாள். முகத்தில் எதுவும் அசையவில்லை.

சென்றாயன் தொட்டி ஓரம் குந்தினார். அன்றைக்கு இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. எடுக்கக்கூடாது என்று போலீஸ் உத்தரவு. அஞ்சு நாளில் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெளுத்த வண்டல்.

“வசந்தா, அந்தக் குடையை உள்ள விடு. நுனி தரையைத் தொடணும்.”

“போன வாரம்தான் வாங்கினேன் சார். மழை பாக்காத குடை, பாவம், இப்படியாவது நனையட்டும்.”

தொட்டியோரம் மண்டி போட்டு, கை முழங்கை வரை நனைய, குடையை நுனி கீழாக விட்டாள். கம்பி முனை வண்டலை லேசாகத்தான் தொட்டது. அடியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பியது. அவள் குடையை இழுத்தபோது புகை இரண்டு பக்கமும் பரவி, கொஞ்ச நேரத்தில் பாதித் தொட்டி கலங்கிப்போனது.

சென்றாயன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

“இது எப்பத் தெளியுதுன்னு பாக்கலாம். படத்தை எடு.”

வரும் வழியில் நாமகிரிப்பேட்டை ஸ்டுடியோவில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம் அது. காதுகுத்துக்கு வந்த போட்டோக்காரரையே போலீஸ் நிறுத்திவைத்து, பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லியிருந்தது. தெளிந்த தண்ணீருக்குள் சின்னுசாமி குப்புறக் கிடந்தார். இடுப்பில் அரை டவுசர் மட்டும்.

வசந்தாமணி படத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தாள். பிணத்தின் படத்தைப் பார்த்தால் அவள் வாய் சும்மா இருக்காது.

“இதென்ன சார், சுடுதண்ணியில இறங்கறதுக்கு முன்னால முதுகெல்லாம் பவுடர் போட்டுக்கிட்டாரா? தலையில கூடப் போட்டிருக்காரு. டவுசருக்கும் போட்டிருக்காரு!”

“திரும்பச் சொல்லு.”

“என்னத்தை? பவுடரையா?”

“டவுசர் என்ன நிறம்மா?” என்று மாரக்காளைக் கேட்டார்.

“கறுப்புங்க. நாந்தானுங்களே எப்பவும் தொவைக்கறது.”

படத்தில் டவுசர் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. முதுகு, பிடரி, மடங்கிக் கிடந்த கை, எல்லாவற்றின் மேலும் அதே வெளுப்பு. சுற்றிலும் தொட்டித் தரை. அதில் வண்டல் பாயை விரித்த மாதிரி சமமாகப் படிந்திருந்தது. ஒரு கால் தடம் இல்லை, ஒரு கீறல் இல்லை.

வசந்தாமணி படத்தைத் தாழ்த்தினாள். கலங்கிக் கிடந்த தொட்டியைப் பார்த்தாள்.

“சார்... ஒரு குடை நுனி பட்டே இப்படின்னா, ஒரு ஆள் இறங்கினா?”

“அதான். மூணரை மணிக்கு ஒருத்தர் இதுக்குள்ள இறங்கி, மண்டையில அடிபட்டு விழுந்திருந்தா, அதுவரைக்கும் படிஞ்சது பூரா மேல வந்திருக்கும். அஞ்சு மணிக்கு இந்தப் படம் எடுத்திருக்க முடியாது. வண்டல் அவருக்கு அடியில இல்லை வசந்தா. அவர் மேல இருக்கு. தரையில எப்படிப் படிஞ்சதோ, அவர் மேலயும் அப்படியே படிஞ்சிருக்கு.”

“அப்படின்னா படிகாரம் போடறதுக்கு முன்னாலயே...”

“உள்ளதான் இருந்தார். ரெண்டு மணிக்கு முன்னால. மணிக்கட்டு தெரியாத தண்ணியில ஆள் எங்க தெரியும்?”

மாரக்காள் தன் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூங்கிலைப் பிடித்த கை.

“நாங்க மேல நின்னு அலசறப்ப, கீழ அவரு இருந்தாருங்களா?” என்றாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“போலீஸ்காரங்ககிட்டயும் இதே படம் இருக்கே சார்?”

“இருக்கு. அவங்க செத்தது யாருன்னு பாத்தாங்க. சுடுதண்ணியில கிடந்த உடம்பு, எப்பச் செத்தார்னு டாக்டரால திட்டமாச் சொல்ல முடியலை. மூணரைக்கு உயிரோட பாத்தேன்னு ஒரு சாட்சி வந்ததும் எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.”

*

பங்களாவின் பின்கட்டில் பொன்னாத்தாள் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்காக வாங்கிய துண்டுகள். துவைத்துக் காய்ந்து, மடிக்கப்பட்டு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. மேலே இருந்ததை எடுத்து உதறி, மறுபடியும் மடித்து, பக்கத்தில் வைத்தார். இதை இன்று எத்தனையாவது தடவை செய்கிறார் என்று தெரியவில்லை. புருஷன் செத்து அஞ்சு நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வதாக மாரக்காள் சொல்லியிருந்தாள்.

“உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். குரல் ரேடியோவில் தானிய விலை வாசிப்பது மாதிரி ஒரே மட்டமாக வந்தது.

“வேண்டாங்கம்மா. ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை மத்தியானப் பந்தியில அவரு உக்காரலையே, நீங்க தேடலையா?”

“அதை யாரும் கேக்கலீங்களே. எல்லாரும் மூணரை மணிக்கு மேல நடந்ததைத்தான் கேட்டாங்க.” ஒரு துண்டை எடுத்து உதறினார். “தேடினேனுங்க. கொழுந்தனாரு சொன்னாரு, அண்ணன் மாடியில படுத்திருக்காரு, எழுப்ப வேண்டாம்னாருன்னு. கால் வலி வந்தா அப்படித்தான் படுத்துக்குவாரு. நானும் உட்டுட்டேன்.”

“எப்பச் சொன்னார்?”

“அவரு சாப்பிடறப்ப. ஒண்ணேகால் இருக்குமுங்க. கடைசிப் பந்தி.”

சென்றாயன் படத்தை அவரிடம் காட்டவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொட்டியில் தெரிந்துகொண்டதை நாலு வாக்கியத்தில் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். பொன்னாத்தாள் கேட்டுக்கொண்டே மடித்தார். மூலைக்கு மூலை சரியாகச் சேர்த்தார்.

“அப்ப, கொழுந்தனாரு சாப்பிட வந்தப்பவே இவரு செத்துப்போயிட்டாருங்களா?”

“ஆமாங்கம்மா.”

“நாந்தானுங்க பரிமாறினேன். சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. என்ன தம்பி, ஈரம்னு கேட்டேன். கை கழுவினேன்னாரு.” துண்டின் மூலையை நீவினார். “ரெண்டாந்தரம் ரசம் கேட்டாருங்க. ஊத்தினேன்.”

பொன்னாத்தாள் கையிலிருந்த துண்டை அடுக்கின் மேல் வைத்தார். அது சரிந்தது. நிமிர்த்தவில்லை.

“அவரு காட்டுலதான் இருக்காரு. போங்க” என்றார்.

வெளியே வந்தபோது சென்றாயன் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு மணி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகியும் தண்ணீர் இன்னும் மோராகத்தான் இருந்தது.

*

வரப்பில் நடக்கையில் வசந்தாமணி கேட்டாள். “நம்ம ரெண்டு பேர் மட்டும் போறோமே சார், கையில மண்வெட்டி வெச்சிருப்பாரே?”

“உன் கையில குடை இருக்கே.”

அவர் ஜோக் அடித்தது அவளுக்குப் பத்தடி போன பிறகுதான் உறைத்தது.

வெள்ளியங்கிரி மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒடிசலான ஆள். மஞ்சள் இடுப்பளவு நிற்க வேண்டிய நாள். முழங்காலுக்கு மேல் வரவில்லை. இலைகள் ஓரம் கருகி, சுருட்டு மாதிரி சுருண்டு நின்றன. வாய்க்காலில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடியது.

“வாங்க. வெயில்ல நிக்கறீங்களே” என்றார்.

சென்றாயன் படத்தை நீட்டினார். வெள்ளியங்கிரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மேல என்னங்க, மாவாட்ட?”

“படிகாரம் இறக்கின அழுக்கு. உங்க அண்ணன் மேல படிஞ்சிருக்கு. நீங்க அவரை மூணரை மணிக்கு எங்க பாத்தீங்க?”

வெள்ளியங்கிரி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பக்கத்துப் பாத்தி நிரம்பிவிட்டது. குனிந்து மண்ணை வெட்டி மடையை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

“படிகாரம் போட்டா உள்ள இருக்கறது தெரியும்னு தோணலீங்க. வெளிய உட்டா உடனே தெரிஞ்சுரும்னு மட்டும்தான் தோணுச்சு. தண்ணியும் வீணாப் போகாதேன்னு நெனச்சேன்.”

“என்ன நடந்துச்சு?”

“கெணறு ஒண்ணுதானுங்க. எங்கய்யன் காலத்துல இருந்து ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு. வியாழக்கிழமை என் முறை. அன்னைக்கு மோட்டாரைப் போட்டு அவரு தொட்டிய ரொப்பிக்கிட்டாரு. விசேசம்னு நானும் பேசலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் ரொப்பப் போறாருன்னு காதுல உழுந்துச்சுங்க. கெணத்துல இருந்ததே ரெண்டடி. ஓடிப் போனேன். எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க. அவரு தனியா, முழங்கால் வலிக்கு ஒத்தடமா, உள்ள படியில நின்னுக்கிட்டிருந்தாரு. அண்ணா, காடு காயுது, இந்தத் தண்ணியவே வெச்சுக்குங்கன்னேன். ‘ஊத்தைத் தண்ணியில என் சம்பந்தி குளிக்கோணுமா, உன் மஞ்சக் காட்டை நான் வேணா வாங்கிக்கறேன்’னு சிரிச்சாரு.”

“தள்ளினீங்க.”

“ஒரு தள்ளு. படியெல்லாம் எண்ணெய். வழுக்கி, பின்மண்டை கல்லுல பட்டுச்சு. அப்படியே கீழ போயிட்டாரு. கைய உட்டுத் துழாவினேன், ஒரு தடவை. முழங்கை வரைக்கும். கைக்கு ஒண்ணும் ஆப்படலை.”

“இறங்கியிருக்கலாம்.”

“எறங்கியிருக்கலாமுங்க. அஞ்சடிதான். நின்னுக்கிட்டே இருந்தேன். வெள்ளையாத் தண்ணி மூடிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல அலையும் அடங்கிப்போச்சு. அங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. பந்தியில கூப்பிட்டாங்க, போய் உக்காந்தேன். பசிச்சுதுங்க.” அவர் தன் கையைப் பார்த்தார். “பசிச்சுது. அதை நெனைச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்குது. மத்ததெல்லாம் யாருக்கோ நடந்தாப்பல இருக்குது.”

வசந்தாமணி குடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாசியை ஏங்க சொன்னீங்க?” என்று அவள்தான் கேட்டாள். “உங்க காட்டுக்காகத்தானே அவரு அறை வாங்கினாரு? தண்ணி மிச்சமாகட்டும்னு சொன்னவராச்சே.”

வெள்ளியங்கிரி முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

“அவன் பேருதானுங்க வாயில வந்துச்சு” என்றார் கடைசியில்.

“ஸ்டேஷனுக்குப் போகலாம்” என்றார் சென்றாயன்.

“வாரேனுங்க. இன்னும் ரெண்டு பாத்தி இருக்குது. பாஞ்சதும் வாரேன். ஓடமாட்டேன்.”

சென்றாயன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். வசந்தாமணியும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தண்ணீர் மெதுவாக வந்தது. காய்ந்த மண் அதைக் குடித்துவிட்டு வெடிப்போடு வாய் திறந்தே கிடந்தது. ஒரு பாத்தி நிரம்பக் கால் மணி நேரம் பிடித்தது. ஒரு கொலைகாரர் தண்ணீர் கட்டி முடிக்கும் வரை காத்திருந்தோம் என்று பின்னால் எப்போதாவது இதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவள் யோசித்தாள். சொல்லத் தோன்றுமா என்றும் யோசித்தாள்.

கடைசிப் பாத்தி நிரம்பியதும் வெள்ளியங்கிரி மடையை அடைத்தார். மண்வெட்டியை வாய்க்காலில் அலசி வரப்பில் சாய்த்தார். முகம் கழுவினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

எப்போது பின்னாலேயே வந்தாளோ, மாரக்காள் கொஞ்ச தூரத்தில் பனைமரத்தடியில் நின்றிருந்தாள். அவளைக் கடக்கும்போது வெள்ளியங்கிரி நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காலடி மண்ணைப் பார்த்துப் பேசினார்.

“அம்மாசி இன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவான். வந்ததும் சொல்லிரு. நாளைக்கு அண்ணன் முறை. வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பி உடோணும்.”